குரோமிசு கோட்டையின் இரண்டாவது முற்றுகை

கோட்டை வாசலில் தொகாஷி நான்கு டிக்கெட் வாங்கினார். மூன்றைக் கிழிக்கச் சொல்லி என்னிடம் நீட்டிவிட்டு, நான்காவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மனைவியையும் மகளையும் உள்ளே அனுப்பினார். மனைவி கையில் காலையில் கோயிலுக்குப் போய் வாங்கிவந்த பை. பின்னாலேயே அவரும் வந்தார். வந்தவர் திரும்பி, வாசல் நடுவில் கையை விரித்து நின்றுகொண்டார்.

வெளியே மாட்டிக்கொண்டவன் குனிமோட்டோ, பல் டாக்டர். தோக்கியோவில் வேலை பார்க்கும் மகள் சிஹாருவைப் பெண் கேட்டு வந்திருக்கிறான். நல்ல பையன்தான். என்ன, சொந்த ஊர் தெற்கே.

எங்கள் குரோமிசுவில் "போன சண்டை" என்றால் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தையது. தெற்கத்திப் படை வந்து கோட்டையை வளைத்த சண்டை. அதற்குப் பிறகு உலகத்தில் என்னென்னவோ நடந்துவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை.

"உங்க ஆளுங்க பீரங்கியோட ஒரு மாசம் நின்னாங்க. இந்த வாசலைத் தாண்ட முடியல," என்றார் தொகாஷி. "நீ என்னடான்னா டிக்கெட்டுல வந்துரலாம்னு பாக்குற."

"டிக்கெட்டு நீங்கதானே மாமா வாங்குனீங்க?"

"மாமாவா? யாருக்கு யாருடா மாமா?"

பையன் இடுப்பு வரை குனிந்து, கொண்டுவந்த இனிப்பு பன் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினான். தொகாஷி அதை வாங்கி என் மேஜையில் வைத்தார். எதிரிப் பொருளாம், பறிமுதலாம்.

நான் டிக்கெட் கிழிக்கிறவள். பறிமுதல் செய்ததைக் காப்பது என் வேலையில் சேராது. ஒன்றைத் தின்று பார்த்தேன். உள்ளே பயறுப் பூரணம், நன்றாகவே இருந்தது.

சுற்றுலா வருபவர்கள் படம் எடுத்துக்கொள்வதற்காக ஈட்டி வீரன் வேஷத்தில் நிற்பவர் ஹொஷி, ரிட்டையரான தபால்காரர். தொகாஷி கை காட்டியதும் ஓடிவந்து ஈட்டியைக் குறுக்கே பிடித்தார். இத்தனை வருஷமும் இதற்காகத்தான் காத்திருந்தார் போல.

கூட்டம் சேர்ந்தது. இதுவும் கோட்டை நிகழ்ச்சிதான் என்று கைதட்டினார்கள். ஒரு பஸ் நிறைய வந்தவர்கள் வரிசையில் நின்று பையனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவனும் பாவம், ஒவ்வொருவருக்கும் பல் தெரியச் சிரித்தான்.

ஆபீசிலிருந்து போன். வாசலில் என்ன தகராறு என்றார் மேனேஜர். முற்றுகை என்றேன். எவ்வளவு நேரம் ஆகும் என்றார். போன தடவை ஒரு மாசம் ஆச்சு என்றேன். ஐந்து மணிக்குச் சாத்திவிடுவோம், அதற்குள் முடிக்கச் சொல்லு என்று வைத்துவிட்டார்.

காற்றில் குளிர் ஏறியது. பையன் நகரவில்லை. எனக்கே மனசு கேட்கவில்லை.

"அந்தச் சண்டை எப்படித்தாங்க முடிஞ்சுது?" என்று கேட்டான்.

தொகாஷி இருமினார். "உள்ள இருந்தவங்க மனசு வச்சாங்க. முடிஞ்சுது."

அவர் சொல்லாமல் விட்டது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். உச்சி மாடத்திலிருந்து காட்டிய வெள்ளைக்கொடி. காயத்துக்குக் கட்டுப்போட்டே வெள்ளைத் துணியெல்லாம் தீர்ந்துபோய், பெண்கள் கந்தல்களைச் சேர்த்துத் தைத்த கொடி.

அப்போதுதான் மேலே இருந்து ஒரு குரல், "அப்பா" என்று.

உச்சி மாடத்தில் தாயும் மகளும் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய் கோயில் பையைத் திறந்தாள். மகள் அதிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கம்பிக்கு வெளியே வீசினாள். அது அவிழ்ந்து அவிழ்ந்து மாடி மாடியாக இறங்கியது. கந்தல் இல்லை, தையல் இல்லை. ஒரே துணி.

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஹொஷி ஈட்டியைத் தாழ்த்திவிட்டார்.

"பொம்பளைங்க நாடகம்," என்று சிரிக்க ஆரம்பித்த தொகாஷி, பாதியில் நிறுத்தினார்.

துண்டு அவ்வளவு நீளம் இருக்காது. போர்வை அவ்வளவு குறுகல் இருக்காது. எனக்கு இப்படி ஒன்றைச் சுற்றிவிட்டது என் மாமியார். பிள்ளை உண்டான ஐந்தாம் மாதம், பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் நாய் நாள் பார்த்து, கோயிலில் வாங்கிய துணியை வயிற்றைச் சுற்றிக் கட்டுவார்கள், நாய் மாதிரி சுகமாகப் பெறவேண்டும் என்று. சுவரில் காலண்டரைப் பார்த்தேன். இன்று நாய் நாள்.

தொகாஷி பையனைப் பார்த்தார். பையன் தன் ஷூவைப் பார்த்தான்.

கோட்டை எப்போதோ விழுந்திருந்தது. அவருக்குத்தான் தகவல் வரவில்லை.

வாசல் நடுவிலிருந்து ஒதுங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காவது டிக்கெட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"மேல காத்து ஜாஸ்தி," என்றார் பையனைப் பார்க்காமல். "அவளை மெதுவாக் கீழ கூட்டிட்டு வா. படியில கையைப் பிடிச்சுக்க."

"சரிங்க மாமா."

தொகாஷி மறுக்கவில்லை. வாசலுக்கு வெளியே போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த பன் பெட்டியைக் கொடு என்று என் பக்கம் கையை நீட்டினார்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. முற்றுகை என்றால் உள்ளே இருப்பவர்களுக்குப் பசிக்கும்தானே.