மூன்றாவது வரிசை யானை

மறுபடியும் நூல் அறுந்தது.

எச்சில் தொட்டு முறுக்கி ஊசிக் காதுக்குள் விடப் பார்த்தான். நூல் காதைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது.

கரண்ட் இல்லை. மின்விசிறி நின்றுவிட்டதால் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் நன்றாகக் கேட்டது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

கட்டிலில் அவன் மனைவி சுகந்தி இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எட்டாம் மாதம். மதியம் சாப்பிட்டதிலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாயிற்று. இனிப்பாக எதையாவது குடித்துவிட்டு இடதுபக்கம் படுக்கட்டும், நாலு மணி வரை பாருங்கள், அப்போதும் அசைவு தெரியாவிட்டால் உடனே கிளம்பி வாருங்கள் என்றாள் நர்ஸ். நிதானமாகத்தான் சொன்னாள். அவளுக்கென்ன.

சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தான். ஆட்டோவுக்குச் சொல்லி வைத்தான். வாசலுக்குப் போய் அவள் செருப்பைத் திருப்பி வைத்தான். கேஸை அடைத்தோமா என்று பார்த்தான். அடைத்துத்தான் இருந்தது.

அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இருப்புக் கொள்ளாமல் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினான்.

பாதி வரிசை ஓடிய பிறகுதான் கையில் இருப்பது எது என்று பார்த்தான்.

ஒரு மாதமாக அவளுக்குத் தெரியாமல் தைத்துவந்த துணி.

கரூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் அவனுக்குத் துணி வெட்டுகிற வேலை. மேசைவிரிப்புக்கு வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவான். சிவப்பில் கொட்டைப் பாக்கு அளவு வெள்ளைப் பொட்டுகள். நீலத்தில் எலுமிச்சம்பழம். பச்சையில் பச்சைக்கிளி, கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரியும். மஞ்சளில் ஊதா யானை. அந்த யானையை எந்தக் காட்டில் பார்த்து வரைந்தார்களோ. எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருந்தான். அடியில் பழைய வேட்டியை வைத்து மூடிவிட்டால் போர்வை.

ஒரு நாள் அவள் கண்ணில் பட்டுவிட, கட்டில் போர்வைக்குச் சாம்பிள் என்று சொல்லியிருந்தான். தலையணையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அந்த அளவுப் போர்வையில் யார் படுப்பார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள் காதில் போய் இப்படிப் பூச்சுற்றினான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளை பிறக்கும் முன்னால் புதுத்துணி சேர்க்கக் கூடாது. பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து வைப்பதோடு சரி. போன முறை சுகந்தி அதைச் சிரித்துத் தள்ளிவிட்டாள். ஜபலா தைத்தாள், குல்லா தைத்தாள், குல்லாவில் பூ வைத்தும் தைத்தாள். ஏழாம் மாதம் ஒரு நாள் அசைவில்லை. தூங்குகிறது என்று இருவரும் நினைத்தார்கள்.

தூங்கவில்லை.

தைத்ததுதான் காரணம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் அப்படி எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு ஊசியைத் தொடவில்லை.

அவனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு துண்டுத் துணிகூட எடுத்து வைக்காமல் இருப்பது, வராது என்று முன்கூட்டியே முடிவு கட்டியது போல இருந்தது. அதனால் தைத்தான். இன்றைக்குப் பார்த்து அவள் கண் முன்னாலேயே தைத்துக்கொண்டிருக்கிறான்.

நானும் தைத்துவிட்டேனே.

துணியைச் சுருட்டினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். கட்டில் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"ஏனுங்க."

திரும்பினான்.

"மூணாவது வரிசைல ஒரு யானை தலைகீழா நிக்குது. நீங்க பாக்கலீங்களா?"

சுருட்டியதைப் பிரித்துப் பார்த்தான். மற்ற யானைகள் ஒழுங்காக நிற்க, ஒன்று மட்டும் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ஒரே பக்கம் பார்க்கிற பிரிண்டை இப்படித் திருப்பிப் போட்டு வெட்டுகிறவனைக் கம்பெனியில் அவன் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான்.

பிறகுதான் உறைத்தது. அந்த வரிசை இவ்வளவு நேரமும் மடிப்புக்குள் இருந்தது. கட்டிலிலிருந்து தெரிய வழியே இல்லை.

அவன் வேலைக்குப் போன பிறகு எழுந்து வந்திருக்கிறாள். விரித்து, வரிசை வரிசையாகப் பார்த்திருக்கிறாள். திரும்ப அவன் மடித்த மாதிரியே மடித்தும் வைத்திருக்கிறாள்.

"இங்க கொண்டாங்க. நானே பிரிக்கறேன்."

கைத்தையல் ஊசி ஒன்றையும் துணியையும் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் துணியை வயிற்றின் மேல் விரித்து அந்த மஞ்சள் கட்டத்தைத் தேடி எடுத்தாள். ஊசி முனையால் ஒரு தையலை நெம்பினாள். அடுத்ததையும் நெம்பினாள்.

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. மணி நாலு.

அவன் பையை எடுத்தான்.

"இருங்க" என்றாள்.

ஊசி பிடித்த கையைத் துணியிலிருந்து எடுத்து அப்படியே வைத்திருந்தாள். மற்றொரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. துணியை யாரும் தொடவில்லை.

தலைகீழ் யானை ஒரு முறை எம்பித் தணிந்தது.

பிறகு, பொறுமையில்லாமல், இன்னொரு முறை.