கொல்லிமலையில் இருபத்தேழாம் இடம்

சைக்கிள் தொடரின் ஒன்பதாம் நாள், போட்டியாளர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராகக் கொல்லிமலை ஏற வேண்டும். யார் எந்த இடம் என்று கணினி காலையிலேயே கணித்துச் சொல்லிவிடும். ஆறு வருடமாகத் தவறியதில்லை. அதனால் கணிப்பில் முதல் பத்துக்குள் வராதவர்கள் அன்று மலை ஏறாமலே சைக்கிளை வேனில் ஏற்றிவிடுவார்கள். தேன்மலருக்கு இருபத்தேழாம் இடம்.

"எதுக்கும்மா வீணா மிதிக்கிறே?" என்றார் பயிற்சியாளர் இன்னாசி.

"நான் இன்னும் ஏறவே இல்லையே சார்," என்று சொல்லிவிட்டுக் கடைசி ஆளாகக் கிளம்பினாள்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தொடை தீயாய் எரிந்தது. அறுபதாவது வளைவில் வாந்தி எடுத்தாள். மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

உச்சியில் நடுவர் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். "பதினோரு செகண்டு வித்தியாசம்! நீதாம்மா முதல்!"

தேன்மலர் தரையில் மல்லாந்து கிடந்து சிரித்தாள்.

அடுத்த நாள் பந்தயத்துக்கு, கணிப்பைக் கேட்காமலே, நூற்றுப் பன்னிரண்டு பேரும் சைக்கிளோடு வந்து நின்றார்கள்.