மூன்றாம் சிலிண்டர்

மலைநகரமான நாரினின் சந்தையை ஒட்டிய பட்டறையில் ஷைர்குலின் பழைய ருஷ்யக் கார் விக்கி விக்கி வந்து நின்றது. பின்னிருக்கையில் அவள் மகள் அய்பரா, நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளை நேற்றெல்லாம் அசையவில்லை என்று, கணவாய்க்கு அப்பாலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் புறப்பட்டிருந்தார்கள்.

"பாதி வழியில இன்ஜின் மிஸ் ஆக ஆரம்பிச்சிடுச்சு தம்பி. சீக்கிரம் பாரு," என்றாள் ஷைர்குல்.

மெக்கானிக் தோக்தோசுன் ஓடும் இன்ஜினின் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி மாட்டினான். மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் ஒலி மாறவில்லை. செத்த சிலிண்டர் அதுதான். இன்ஜினை அணைத்து அதன் ஸ்பார்க் பிளக்கைத் திருகி எடுத்தான். நுனியில் கரி இல்லை. நிணமும், அதில் சுற்றிய ஈர மயிரும், அழுகிய குடலின் நாற்றமுமாக இருந்தது.

"தூ, உள்ள ஆட்டை அறுத்து வெச்சிருக்கியாக்கா?"

"நின்னுடுச்சு மாமா," என்றாள் அய்பரா.

"நான்தாம்மா அணைச்சேன்."

"காரு இல்ல, பிள்ளை. காரு திணற ஆரம்பிச்சதுலேருந்து உதைச்சிட்டே இருந்துச்சு. இன்ஜினை அணைச்சப்பக்கூட உதைச்சுது. நீங்க அதை வெளிய எடுத்ததும் நின்னுடுச்சு."

அவன் பிளக்கை மீண்டும் உள்ளே திருகினான்.

"உதைக்குது."

கழற்றினான். அவள் முகம் வெளிறியது.

புதிய பிளக் மேசைமேல் தயாராக இருந்தது. தோக்தோசுன் மூச்சை அடக்கிக்கொண்டு, விரல்களில் ஒட்டியிருந்த நிணத்தையும் மயிரையும் வழித்துப் பழையதன் நுனியிலேயே அப்பினான். அதையே இறுக மாட்டினான்.

"மீதி மூணு சிலிண்டர்ல கணவாய் ஏறுமா தம்பி?"

"மெதுவாப் போனா ஏறும்க்கா. வழியில எவன் கேட்டாலும் அந்தப் பிளக்கை மட்டும் துடைக்க விடாதீங்க."