ஒரு ஊசி குறைகிறது

"நீதான்க்கா போட்டிருப்பே!"

"நான் ஏண்டி போடுறேன்? காலையில நான், சாயங்காலம் நீன்னுதானே பேச்சு?"

"அப்போ பெட்டியில தினமும் ஒரு ஊசி கூடுதலா குறையுதே, கால் முளைச்சு நடந்து போகுதா?"

நாலு நாளாக அக்காவுக்கும் தங்கைக்கும் இதே சண்டை. பூனைக்குச் சர்க்கரை நோய். பிடரியில் கொஞ்சம் முடியை மழித்து, நாளுக்கு இரண்டு வேளை இன்சுலின். மூன்றாவது ஊசி போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கி உயிர் தங்காது என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பூனைக்கோ ஒரு குறையும் இல்லை. சர்க்கரை அளவு சரியாக இருந்தது. அதற்குப் பல் தேய்த்துவிடப் போனால் வழக்கம்போலக் கடித்தது.

"உன்னோட மல்லுக்கட்டியே காலையில எழுந்தா வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, அகோரப் பசி வேற," என்று ஐந்தாவது ரொட்டியை விழுங்கினாள் அக்கா. "இரு, உன் கண்முன்னாடியே எண்ணுறேன்."

கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு பெட்டிமேல் குனிந்தாள். இன்றைக்கும் ஒன்று குறைந்தது.

தங்கை பெட்டியைப் பார்க்கவில்லை. அக்காவின் பிடரியில் தபால்தலை அளவுக்கு முடி மழித்திருந்தது. நடுவில் வரிசையாக நாலு சிவப்புப் புள்ளிகள். மேசைமேல் பூனை நிதானமாக முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, பூனைக்கு நாம போடுறோம். உனக்கு யாரு போடுறது?"