எதிரே நிற்பவன்

சேவல்கட்டுக்கு வந்திருந்த கறுப்புச் சேவல் சொல் விஷயத்தில் ரொம்பக் கறார். பக்கத்துக் கூடையிலிருந்த செவலைச் சேவல், "இன்னிக்கு உனக்கும் எனக்கும்தான் சண்டையாம். தோத்தவன் குழம்புக்கு" என்றதும் கறுப்புக்குச் சுருக்கென்றது.

"சண்டைங்கிறது குழாயடியில நடக்கிறது. இது போர்."

"போருக்குப் பகை வேணுமே. நமக்குள்ள என்ன பகை?"

கறுப்பு யோசித்துப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. "சரி, போட்டின்னு வச்சுக்கோ."

"போட்டின்னா ஜெயிச்சவனுக்குப் பரிசு. போன மாசம் நீ ஜெயிச்ச குக்கர் எங்கே?"

குக்கர் கறுப்பை வளர்த்தவர் வீட்டு அடுப்பில் இருந்தது. "எப்படியோ, நீ என் எதிரி" என்றது கறுப்பு விடாமல்.

"எதிரே நிக்கிறதால எதிரி. அந்தச் சொல் பொறந்ததே அப்படித்தான். பக்கத்துல வந்து நின்னா?"

களத்தில் இறக்கிவிட்டதும் இரண்டும் ஒட்டி நின்று மண்ணைக் கிளறின. வளர்த்தவர்கள் இருவரும் திகைத்தார்கள். "என் சேவலுக்கு என்னடா கொடுத்தே?" என்று ஒருவர் மற்றவர் சட்டையைப் பிடித்தார். அவர் இவர் வேட்டியை உருவினார்.

"இது என்னப்பா, போரா, போட்டியா?" என்று கேட்டது செவலை.

கறுப்பு கழுத்தை நீட்டி நிதானமாகப் பார்த்தது.

"இதுதான் சண்டை."