மேல் போர்ஷன் அம்மா

"டைல்ஸ் மேல செருப்போட நிக்காத! அது குடிவர்றவங்க வீடு!"

மேனேஜர் போட்ட சத்தத்தில், வேலை முடிந்து நேராக மாடி ஏறி வந்த மனைவி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டாள். அவர் அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் மேனேஜர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது.

"இதுவும் நம்ம வீடுதானேங்க?"

"கீழேதான் நம்ம வீடு. மாடி வாடகைக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

அவள் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, மாடிச் சமையலறைக்குள் போனாள். புது அலமாரித் தட்டை விரலால் தடவிப் பார்த்தாள். எம்பாமலே கை எட்டியது. கீழே அவளுக்கு எதற்கெடுத்தாலும் முக்காலி வேண்டும்.

"தொடாத, பெயிண்ட் காயல!" என்று பின்னாலேயே ஓடிவந்த மேனேஜர் அதே தட்டில் நெற்றியை இடித்துக்கொண்டார். இத்தனை தாழ்வாக வைக்கச் சொன்னது குடிவரப் போகிற அம்மா. கொத்தனார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், மேனேஜர் கேட்கவில்லை.

பாங்கில் கடன் வாங்கி மாடியைப் புதுப்பிக்க ஆரம்பித்ததிலிருந்து கீழே குடும்பம் நடத்துவது பெரும்பாடாகிவிட்டது. தட்டில் சிமெண்ட், தலையணையில் மணல். ராத்திரி இடது பக்கம் திரும்பினால் டைல்ஸ் பெட்டி, வலது பக்கம் திரும்பினால் மனைவி. எது கேட்டாலும் இரண்டிடமிருந்தும் பதில் வராது.

ஆனால் வீடு பார்க்க யாராவது வந்துவிட்டால் மட்டும் அவளுக்கு வாய் எங்கிருந்துதான் வருமோ. "கீழே மிக்சி போட்டா மேலே கட்டில் ஆடும், பரவாயில்லையா?" என்று ஒரு புதுமணத் தம்பதியைக் கேட்டாள். அவர்கள் படியிறங்கிய வேகத்தில் கைப்பிடிச் சுவர் பெயிண்ட் பாதி போயிற்று. அடுத்து வந்த பேராசிரியரிடம், "எங்க வீட்டுக் குழாய் கயித்துலதான் தொங்குது, வந்து பாருங்களேன்" என்று கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

அடுத்த மாதம் தவணை ஆரம்பம். இந்த அம்மாவும் ஓடிவிட்டால் பாங்க்காரர்களே குடிவந்து விடுவார்கள்.

நல்லவேளை, இந்த அம்மா தரகர் பிடித்துக் கொடுத்த ஆள். வேலைக்குப் போகிறவர், தனியாக இருக்கப் போகிறவர், வீட்டைப் பார்க்கக்கூட வரவில்லை. "உங்க வீட்டைப் பத்தி அவங்களுக்கு எல்லாம் தெரியுமாம் சார்" என்றார் தரகர். மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. முன்பணமும் தரகர் கையிலேயே வந்தது, வந்த அன்றே கொத்தனார் கைக்குப் போனது.

நிபந்தனைகள் மட்டும் தரகர் வழியாக ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. சமையலறைக்குக் காற்று வர ஒரு ஜன்னல். சாயங்காலமே சுவரை உடைத்தார். குளியலறையில் வெந்நீர். மறுநாளே ஹீட்டர் வந்தது. பாத்திரம் கழுவ நல்ல குழாய். கடையிலேயே விலை கூடின குழாய் வந்தது.

"அந்தம்மா என்ன விவரம் தெரியுமா!" என்றார் மனைவியிடம். "இது வேணும், அது வேணும்னு பட்டுப்பட்டுனு சொல்றாங்க. உன்ன மாதிரி குழாய் குழாய்னு புலம்பறதில்ல."

"நான் கேட்டப்ப பாக்கலாம்னீங்க."

"நீ எங்க போயிடப் போற?"

அவள் கயிறு கட்டிய குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவப் போனாள்.

"இங்க பாரு, நாளைக்குக் காலையில அவங்க வர்றாங்க. நீ உங்கக்கா வீட்டுக்குப் போயிடு. நீ வாயத் தொறந்தா அவங்க லாரியைத் திருப்பிடுவாங்க."

"சரி, பெட்டியக் கட்டிக்கறேன்."

அவள் கத்தியிருந்தால் மேனேஜர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

காலையில் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் மாடிக்குமாக அலைந்தார். துடைத்த ஜன்னலைத் துடைத்தார். குழாயைத் திறந்து பார்த்தார், மூடினார், சரியாக மூடினோமா என்று திரும்ப ஏறிப்போய்ப் பார்த்தார். தெருமுனையில் எந்த வண்டி திரும்பினாலும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தரகர் தனியாக வந்து சேர்ந்தார்.

"எங்கங்க அந்தம்மா?"

"அவங்க... வந்துட்டாங்கன்னே வச்சுக்கங்க சார்" என்ற தரகர் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து மனைவி இரண்டு பெட்டிகளையும் ஒரு டேபிள் ஃபேனையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போக ஃபேன் எதுக்குடி? சரி, விடு. அவங்க வர்றதுக்குள்ள கிளம்பு. ஆட்டோ பிடிச்சுட்டு வரட்டா?"

"ஆட்டோ எல்லாம் வேணாங்க."

பெட்டிகளை மாடிப்படியின் அடியில் வைத்துவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தரகர் மரியாதையாக ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிட்டார்.

"ஐயோ, படியில வைக்காத! அந்தம்மா மேல ஏறணும்ல!"

அவள் கையை நீட்டினாள்.

"ஏறத்தான் போறேன், சாவியைக் குடுங்க ஓனர் சார்."