அருகில் இருப்பது முதலில்

மருத்துவமனையின் பழைய ஸ்கேன் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்கில், படிக்கும் ஊசி நிற்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் படத்தை முதலில் எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தான் இளவழகன். கூடத்தில் படம் கேட்டுக் காத்திருந்தவர்களின் வரிசை மளமளவென்று கரைந்தது. பிலோமினாவின் கணவருடைய படம் டிஸ்கின் கடைசி ஓரத்தில் இருந்தது. அது வராமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டிஸ்கின் ஊசி ஓரத்துக்குக் கிளம்பும்போதெல்லாம், பக்கத்திலிருக்கும் படத்தைப் புதிதாக ஒருவர் கேட்டுவிடுவார், ஊசி திரும்பிவிடும்.

"எனக்குப் பின்னால வந்தவங்கல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்களே தம்பி" என்றாள் பிலோமினா.

வந்த வரிசைப்படி எடுக்குமாறு முறையை மாற்றலாம். மாற்றினால் மற்ற எல்லோருக்கும் தாமதமாகி, கூடமே கத்தும். சராசரிக் காத்திருப்பு பாதியாகக் குறைந்திருப்பதை அவளுக்குத் திரையில் காட்டினான்.

"நான் காத்திருக்கறதும் இதுல சேர்ந்திருக்கா?"

"படம் கிடைச்சாதான்மா சேரும்" என்றான்.